எலும்புக்கும் உண்டு தேய்மானக் கணக்கு

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்களுக்குத் தேய்மானம் என்ற சொல் நன்றாகப் பழக்கம். ஒரு இயந்திரம் வாங்கினால், அது ஓட ஓட வருடா வருடம் அதன் மதிப்பு குறையும். அந்தக் குறைவையும் செலவாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால்? லாபம் அதிகமாகத் தெரியும். முதலாளி இரண்டு மூன்று வருடம் சந்தோஷமாக இருப்பார். அப்புறம் ஒரு நாள் இயந்திரம் நின்றுவிடும். புதிது வாங்கக் கையில் காசு இருக்காது.

தமிழில் எலும்புக்கும் இதே சொல்தான். எலும்புத் தேய்மானம். யார் வைத்த பெயரோ, பொருத்தமான பெயர். உடல் எடையைக் குறைக்கச் செய்யும் அறுவை சிகிச்சையில் எழுதாமல் விடப்படும் செலவும் இதுதான்.

விளம்பரங்களைப் பாருங்கள். இடது பக்கம் பழைய போட்டோ, வலது பக்கம் புதிய போட்டோ. பழைய பேண்ட்டை இடுப்பில் வைத்து, அது எவ்வளவு லூஸ் என்று இழுத்துக் காட்டும் சிரித்த முகம். எத்தனை கிலோ, எத்தனை மாதம் என்று பெரிய எழுத்தில். போட்டோவில் எலும்பு தெரியாது என்பதால் அதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆபரேஷன் மோசம், யாரும் செய்யாதீர்கள் என்பது இங்கே வாதம் கிடையாது. ஸ்வீடனில் 1987ல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்துகொண்ட பருமனானவர்களையும், செய்துகொள்ளாத பருமனானவர்களையும் வருடக் கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2007ல் வந்த முடிவின்படி, ஆபரேஷன் செய்தவர்களிடம் இறப்பு சுமார் 29 சதவீதம் குறைவு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு இவற்றிலும் நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏற முடியாமல் இருக்கும் ஒருவருக்கு இது மறுவாழ்வுதான். வரவு பெரியது, சந்தேகமில்லை. செலவுப் பக்கம் காலியாக இருப்பதுதான் பிரச்சினை.

அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது?

இன்று அதிகம் செய்யப்படும் ஆபரேஷன்கள் இரண்டு. ஒன்று ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி ஆக்கிவிடுவார்கள். இன்னொன்று பைபாஸ். (ஹார்ட் பைபாஸ் வேறு!) இதில் இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு சின்னப் பை மட்டும் உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு இணைத்துவிடுவார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே போய்விடும்.

உடல் கால்சியத்தை மும்முரமாக உறிஞ்சுவது அந்த முதல் பகுதியில்தான். திருச்சிக்கு பைபாஸ் ரோடு போட்டதும் ஊருக்குள் இருந்த கடைகளுக்கு வியாபாரம் போன கதைதான் இது. கடை அங்கேயேதான் இருக்கிறது, வண்டி அந்தப் பக்கம் வருவதில்லை.

எவ்வளவு நஷ்டம்? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 33 பேரை வைத்து நடத்தி 2015ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து சொன்னது. ஆபரேஷனுக்கு முன்னால், சாப்பிட்ட கால்சியத்தில் சராசரியாக 32.7 சதவீதம் உடலில் சேர்ந்தது. பைபாஸ் செய்து ஆறு மாதம் கழித்து 6.9 சதவீதம். நூறு ரூபாய் போட்டால் 33 ரூபாய் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 7 ரூபாய் ஏறுகிறது. கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு வைட்டமின் டி குறையாமல் பார்த்துக்கொண்டும் இதே நிலைமைதான்.

இதோடு முடியவில்லை. இரைப்பை சிறிதானால் அமிலமும் குறையும், சில வகைக் கால்சியம் கரைய அமிலம் வேண்டும். வைட்டமின் டி கொழுப்பில் தங்கும் சத்து என்பதால் பருமனானவர்களுக்கு ரத்தத்தில் அது முதலிலேயே குறைவாகத்தான் இருக்கும். பிறகு எடை. 120 கிலோவைத் தாங்கிப் பழகிய இடுப்பும் தொடையும் திடீரென்று 80 கிலோவைத் தாங்கினால் போதும் என்றாகிவிடுகிறது. எலும்பு சோம்பேறி முதலாளி மாதிரி, வேலை குறைந்தால் ஆட்களைக் குறைத்துவிடும். எடையோடு சேர்ந்து தசையும் போகிறது, ஹார்மோன்களும் மாறுகின்றன.

இப்போது முக்கியமான இடம். ஆபரேஷன் செய்துகொண்ட பலர் நிம்மதியாக ஏமாறுவது இங்கேதான்.

ஒரு பேச்சுக்கு 36 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வங்கியில் வேலை, பைபாஸ் செய்து இரண்டு வருடம் ஆகிறது. நாற்பது கிலோ குறைந்துவிட்டார். கல்யாண வீடுகளில் "என்னம்மா, பாதியா ஆயிட்டே! பாக்கவே நல்லாருக்கு" என்று பெரியம்மாக்கள் கன்னத்தைத் தொட்டுப் பாராட்டுகிறார்கள். முதல் வருடம் ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரைகள் இரண்டாம் வருடம் நினைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இடையில் ஒரு ரத்தப் பரிசோதனை. கால்சியம் 9.2, நார்மல். அவ்வளவுதான், மாத்திரை டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

அந்த 9.2 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் இருப்பது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பம் கொஞ்சம் குறைந்தாலும் தசை இழுக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் ரத்தத்தில் கால்சியம் குறைய உடல் விடவே விடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு, பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் லேசாகக் குறைந்தாலும் அவை ஒரு ஹார்மோனை அனுப்பும். அந்த ஹார்மோன் எலும்பிடம் போய், எடு காசை என்று கேட்டு வாங்கி ரத்தத்தில் போட்டுவிடும். குடலில் இருந்து வராத பணம் எலும்பில் இருந்து வருகிறது. ரிப்போர்ட் நார்மல்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். கம்பெனிக்கு லாபமே இல்லை, ஆனால் மூலதனத்தில் கை வைத்து டிவிடெண்ட் கொடுக்கிறார்கள். பங்குதாரர்களுக்கு வருடா வருடம் செக் வருகிறது, எல்லோரும் கம்பெனி அருமையாக நடக்கிறது என்கிறார்கள். கம்பெனிச் சட்டம் இதை அனுமதிக்காது. உடம்புக்குச் சட்டம் கிடையாது, ஆடிட்டரும் கிடையாது. ரொக்க ஏட்டில் இருப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கட்டடத்தை விற்று அந்த ரொக்கம் வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும் வழிகள் இருக்கின்றன. ரத்தத்தில் அந்தப் பாராதைராய்டு ஹார்மோனின் அளவு. வைட்டமின் டி அளவு. எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன், வலியே இல்லாதது, சில நிமிட வேலை. கால்சியம் நார்மலாக இருந்து ஹார்மோன் மட்டும் ஏறியிருந்தால், எலும்பில் இருந்து பணம் எடுக்கப்படுகிறது என்ற சந்தேகம் வர வேண்டும். ஆனால் சும்மா "ஒரு ரத்த டெஸ்ட்" என்று கேட்டால் இவை வராது. எழுதிக் கேட்டால்தான் வரும்.

அந்தப் பெண்ணுக்கே திரும்பலாம். நான்காம் வருடம் குளியலறையில் கால் வழுக்கிக் கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு உடைகிறது. வீட்டில் எல்லோரும் ஈரத் தரையைத் திட்டுகிறார்கள். கட்டுப் போடுகிற டாக்டரிடம் பழைய ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாது. சொன்னால் என்ன, வயிற்றில் செய்த ஆபரேஷனுக்கும் கையில் உடைந்த எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல ஆட்கள் நிறைய. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட 12,676 பேரின் பதிவுகளை, செய்துகொள்ளாதவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2016ல் ஓர் ஆய்வு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு முறிவு ஆபத்து மற்ற பருமனானவர்களை விட 38 சதவீதம் அதிகம். அதைவிட முக்கியம், எந்த எலும்பு உடைகிறது என்பது. முன்பெல்லாம் பருமனானவர்களுக்கு வழக்கமாக உடையும் காலின் கீழ்ப்பகுதி எலும்புகள். பிறகு கை, முதுகெலும்பு, இடுப்பு. அதாவது வயதான பாட்டிகளுக்கு எலும்புத் தேய்மானத்தால் உடையும் அதே இடங்கள்! அந்த ஆய்வில், குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் கடுமையான வகை ஆபரேஷனுக்குத்தான் ஆபத்து தெளிவாக நிரூபணமானது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண பைபாஸ் பற்றி அமெரிக்காவில் 2019ல் வந்த ஆய்வு பேசியது. அரசு காப்பீட்டில் இருந்த 42,345 பேரில், பைபாஸ் செய்தவர்களுக்கு, இரைப்பையைச் சுற்றிப் பட்டை மட்டும் போட்டுக்கொண்டவர்களை விட எலும்பு முறிவு ஆபத்து 73 சதவீதம் அதிகம். ஸ்லீவில் பைபாஸ் அளவுக்கு இல்லை, ஆனால் அதிலும் அடர்த்தி குறைகிறது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். பருமனானவர்களின் எலும்பு முதலிலேயே அடர்த்தி அதிகம், எடை குறைந்ததும் அது மற்றவர்களின் அளவுக்கு இறங்குகிறது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று. நியாயமான கேள்விதான். புத்தக மதிப்பு அதிகமாக இருந்த சொத்து, கொஞ்சம் தேய்ந்தால் என்ன? ஆனால் எடை இறங்குவது நின்ற பிறகும், மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம் என்று பைபாஸ் செய்தவர்களின் இடுப்பு எலும்பு தொடர்ந்து அடர்த்தி இழப்பதை அளந்திருக்கிறார்கள். புது எடைக்குத் தக்கபடி சரிசெய்துகொள்வது மட்டும்தான் என்றால் எடையோடு அதுவும் நின்றிருக்க வேண்டும். முறிவுக் கணக்கும் அந்தச் சமாதானத்துக்கு ஒத்துப்போகவில்லை.

சரி, மாத்திரை சாப்பிட்டால் போதாதா? பெரும்பாலும் உதவும். ஆனால் அந்த மாத்திரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

அமெரிக்க அறுவை சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் தேவை. அமிலம் குறைந்த வயிற்றுக்கு கார்பனேட்டை விட சிட்ரேட் நல்லது. இப்போது கடையில் போய் "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்று போட்ட அட்டையை வாங்கினால், ஒன்று சாப்பிட்டால் ஏறக்குறைய வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். அந்த 1000 மொத்த எடை. அதற்குள் இருக்கும் உண்மையான கால்சியம் சுமார் 210 மில்லிகிராம்தான். கார்பனேட் என்றால் 1250க்கு 500. மொத்த லாபம், நிகர லாபம் மாதிரி. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிகரம் இருக்கும், அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

அதையும் ஒரே வாயில் போட்டு விழுங்க முடியாது. ஒரு தடவைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடல் வாங்காது. ஆக நாளைக்கு மூன்று தடவை. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதற்கு நான்கு மணி நேரம். காலேஜ் டைம் டேபிளை விடச் சிக்கலானது :) சாப்பாட்டிலேயே சரிக்கட்டிவிடலாம் என்றால், 1200 மில்லிகிராமுக்கு ஒரு லிட்டர் பால் குடிக்க வேண்டும். புதிதாக ஆபரேஷன் ஆன வயிறு அரை டம்ளருக்கே போதும் என்கிறது. கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, ஆனால் 100 கிராம் மாவில் கிண்டிய களியை அந்த வயிறு எத்தனை வேளையில் முடிக்கும்?

இத்தனையும் எவ்வளவு நாளைக்கு? ஆயுள் முழுக்க. வெட்டிய இரைப்பை வளர்ந்து வரப்போவதில்லை.

ஆக, ஆபரேஷன் என்பது முதலினச் செலவு. அதைத் தொடர்ந்து வரும் மாத்திரை, பரிசோதனை, ஸ்கேன், டாக்டர் ஃபீஸ் எல்லாம் வருவாயினச் செலவு, வருடா வருடம் வரும். ஆஸ்பத்திரிகள் கொடுக்கும் "பேக்கேஜ்" விலையில் முதலாவது மட்டும்தான் இருக்கும். சில லட்சம் புரட்ட நகையை அடகு வைக்கும் குடும்பத்துக்கு, மாதா மாதம் மருந்துக் கடையில் கொடுக்கப்போகும் தொகை யாரும் சொல்லாத தொகை.

இன்சூரன்ஸ் கதையும் இதேதான். முன்பு இந்த ஆபரேஷனை அழகுக்காகச் செய்வது என்று பல பாலிசிகள் ஒதுக்கிவைத்திருந்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வெளியிட்ட, 2020 அக்டோபரில் இருந்து அமலுக்கு வந்த விதிகளின்படி, பி.எம்.ஐ. 40க்கு மேல் இருந்தாலோ, 35க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் போன்ற பிரச்சினைகள் இருந்தாலோ, எடை குறைப்பு என்ற காரணம் காட்டி ஒதுக்க முடியாது. நல்ல மாற்றம், பலருக்கு இதனால்தான் ஆபரேஷனே சாத்தியமாகிறது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஆகும் செலவுக்குப் பல பாலிசிகளில் 60 நாள், 90 நாள் என்று வரம்பு. எலும்பு தேய ஆரம்பித்து, யாருக்கும் தெரியாமல் தொடர்ந்து, உடையும் நிலைக்கு வர வருடங்கள் ஆகும். 90 நாளில் முடியும் காப்பீடு, ஐந்து வருடத்தில் வரும் நஷ்டம். விந்தை என்னவென்றால், இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் அதே கம்பெனி பெரிய தொகையைக் கொடுக்கும். அதைத் தடுக்கக்கூடிய மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் கொடுக்காது. கம்பெனியின் சொந்த லாபத்தைப் பார்த்தால்கூட இது சரியான கணக்காகப் படவில்லை.

கல்லூரி வயதில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எலும்பில் சேமிப்பு ஏறுவது இளமையில் மட்டும்தான். இருபதுகளில் உச்சத்துக்குப் போய், பிறகு இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 19, 20 வயதில் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் டெபாசிட் போட வேண்டிய வருடங்களிலேயே எடுக்க ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பது அறுபது வருடம். 55 வயதுக்காரருக்கு எழுதும் அதே சீட்டை எழுதி அனுப்புவது போதாது.

என்ன செய்யலாம் என்றால், செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. ஆஸ்திரியாவில் 220 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016ல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பே வைட்டமின் டியை ஏற்றி, பிறகு கால்சியம், புரதம், உடற்பயிற்சி எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தார்கள். இரண்டு வருட முடிவில் அவர்களுக்கு எலும்பு இழப்பு குறைவு. பிரேசிலில் 2019ல் வந்த ஆய்வில், பைபாஸ் செய்த பெண்களுக்கு வாரம் மூன்று நாள், ஆறு மாதம் உடற்பயிற்சி கொடுத்ததில் இடுப்பு எலும்பின் இழப்பு மட்டுப்பட்டது. டென்மார்க்கில் 2024ல் வந்தது இன்னும் சுவாரசியம். அது ஆபரேஷன் இல்லை, எடை குறைக்கும் ஊசி. ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு இடுப்பிலும் முதுகிலும் அடர்த்தி குறைந்தது, ஊசியோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு எடையும் இறங்கியது, எலும்பும் நின்றது. இங்கே உடற்பயிற்சி என்பது எலும்பு எடை தாங்கும் வேலை. நடை, மாடிப்படி, பளு தூக்குதல். நீச்சல் இதயத்துக்கு நல்லது, தண்ணீரே உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் பெரிய வேலை இல்லை.

ஆஸ்பத்திரிகள் செய்யக்கூடியது இன்னும் சுலபம். விலைச் சீட்டில் இரண்டாவதாக ஒரு பத்தி போட்டால் போதும். முதல் ஐந்து வருடத்துக்கு மாத்திரை இவ்வளவு, பரிசோதனை இவ்வளவு, ஸ்கேன் இவ்வளவு என்று. டிஸ்சார்ஜ் சீட்டில் "கால்சியம் மாத்திரை" என்று மொட்டையாக எழுதாமல், நிகரக் கால்சியம் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எந்த மாத்திரையோடு சேரக் கூடாது என்று தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். பத்தி இரண்டைப் பார்த்து நாலு பேர் பயந்து திரும்பிப் போய்விடுவார்கள் என்று மார்க்கெட்டிங் ஆட்கள் கவலைப்படுவார்கள். ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட முடியாது என்று அந்த நாலு பேருக்கு முன்கூட்டியே தெரிவது, ஐந்தாம் வருடம் தெரிவதை விட எல்லோருக்கும் லாபம்.

ஏற்கெனவே ஆபரேஷன் செய்து வருடங்கள் ஆகி, மாத்திரையையும் விட்டுவிட்டவர்கள் இப்போது போனாலும் தாமதமில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போய் எந்த வகை ஆபரேஷன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, டெக்ஸா ஸ்கேன் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எலும்புக்கு மருந்து எழுதுகிறார்கள் என்றால் வயிற்று ஆபரேஷன் பற்றி மறுபடி ஒரு முறை ஞாபகப்படுத்துவது நல்லது. அந்த வகை மாத்திரைகளில் சில, வெட்டித் தைத்த இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும் என்பதால், பல டாக்டர்கள் ஊசியாகப் போடுவதையே விரும்புகிறார்கள்.